நகப்பூச்சு பூசிய தோட்டாக்கள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னாவுக்கு இடுப்பு வரை பின்னல். அதைத்தான் பந்தயத்தில் வைத்தாள். துப்பாக்கிப் போட்டியில் தோற்றால் அவள் பின்னல் போகும். ஜெயித்தால் கொழுந்தன் ஆர்வில்லின் மீசை போகும்.

ஆர்வில் சுட்டு முடித்துவிட்டான். ஐந்து துளைகளும் ஒரு காசுக்குள் அடங்கின.

"கத்திரிக்கோலுக்குச் சாணை பிடிச்சாச்சு அண்ணி!"

தோட்டாப் பெட்டியைத் திறந்த வெர்னாவுக்கு, பெட்டி மாறி வந்துவிட்டது தெரிந்தது. அவள் கையால் மருந்தடைத்த தோட்டாக்கள்தான். ஆனால் முனையிலுள்ள குண்டு கோணலாக உட்கார்ந்துவிட்டதென்று ஒதுக்கி வைத்த பெட்டி. கோணல் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தால் குண்டுகள் சிதறும்.

எல்லாக் கோணலும் ஒரே பக்கம் பார்த்தால்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கைப்பையிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் படுக்க வைத்து, தோட்டாக்களை அதன்மேல் உருட்டினாள். முனை எந்தப் பக்கம் தூக்கி ஆடியதோ, அங்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"என்ன அண்ணி, தோட்டாவுக்குக் கல்யாணமா?"

"உன் மீசைக்கு வழியனுப்பு விழாடா!"

பொட்டு மேலே வரும்படி ஐந்தையும் போட்டுச் சுட்டாள். நடுவை விட்டு விலகித்தான் விழுந்தன; ஆனால் அந்தப் போட்டியில் துளைகளின் நெருக்கம் மட்டுமே கணக்கு.

"ஒரு ஓட்டைதானே இருக்கு! மத்த நாலு எங்க?" ஆர்வில் குதித்தான்.

நடுவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "அஞ்சும் அதுக்குள்ளதான்யா குடித்தனம் நடத்துது!"

அன்று மாலை மழித்த முகத்தோடு வீட்டுக்குப் போன ஆர்வில்லை அவன் நாயே உள்ளே விடவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, "ஆர்வில் வீட்ல இல்லீங்களே" என்று கதவைச் சாத்தினாள்.