மோட்டாருக்கு மட்டும் அனுமதி

கைப்பேசித் திரையில் ஒரு விதையை ஊன்றிவிட்டு, கைப்பேசியை அரிசிப் பானையின் மூடிமேல் சாய்த்து வைக்கிறார் அன்புக்கரசி. இனி அதைத் தொடக் கூடாது. தொடாமல் இருந்தால் விதை முளைத்து, செடியாகி, மரமாகும். இடையில் வேறு எதையாவது திறந்து பார்த்தால் பட்டுப்போகும். எழுதுகிறவர்களை எழுந்திருக்க விடாமல் உட்கார வைக்க யாரோ செய்த செயலி அது. மரம் வளர்கிற நேரத்தில் அவர் மடிக்கணினியில் தொடர்கதை எழுதுகிறார்.

அகரம் கிராமத்தில் சம்பங்கி போட்டிருக்கிற குடும்பம். பூவைப் பறித்து, திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அனுப்பி, சோறாக்கி இறக்கிய பிறகுதான் கதை. வாசிப்புச் செயலியில் அத்தியாயம் வராத நாளில், "அக்கா, எங்க போயிட்டீங்க?" என்று முகம் தெரியாத பெண்கள் தவித்துப்போவார்கள். உள்ளூரில்தான் தொல்லை. அன்புக்கரசி உட்கார்ந்திருந்தால் சும்மா இருப்பதாகவே அர்த்தம். "கதைதான எழுதுற, பெறகு எழுதுனா ஆகாதா?" என்பார்கள். அது அவருக்குச் சுருக்கென்று தைக்கும்.

மரம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஜெயமேரியிடம் திரையைக் காட்டி, "செத்த நேரம் பொறுங்கக்கா, மரம் வளருது. பேசுனா பட்டுப்போகும்" என்றார். பேசினால் ஒன்றும் ஆகாது. அது அன்புக்கரசியின் சொந்தச் சரக்கு. ஆனாலும் ஜெயமேரி வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். கதைக்காக ஒரு நிமிடம் சும்மா இராத சனம், வளர்கிற மரத்துக்கு அடங்கிப்போகிறது. வெள்ளாமை செய்கிற ஊர் அல்லவா?

ஒரே ஒரு முறை சறுக்கினார். கவனம் கலையக் கூடாதென்று எல்லா அழைப்புகளையும் செயலியில் அடைத்துவிட்டார். அவர்கள் தோட்டத்து மோட்டாரில் சிம்கார்டு போட்ட பெட்டி ஒன்று இருக்கிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் அது அன்புக்கரசியைக் கூப்பிட்டுச் சொல்லும்; அவர் வீட்டிலிருந்தபடியே ஓடவிடுவார். அன்று அது கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனது. மின்சாரம் வந்து, போயும்விட்டது. பாத்தி காய்ந்து கிடந்தது.

"கதையில வார பொம்பளைக்குக் கண்ணுல அம்புட்டுத் தண்ணி விடுற. சம்பங்கிக்கு விட ஆளில்ல" என்றார் கணவர் முத்துக்கிருஷ்ணன்.

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, மோட்டாரின் எண்ணுக்கு மட்டும் வழிவிட்டார் அன்புக்கரசி. கட்டிய கணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கேட்டால், "மோட்டாரு தேவையில்லாமப் பேசாதுங்க" என்பார்.

இப்போது அவருடைய முதல் புத்தகம் அச்சில் வரப்போகிறது. பதிப்பாளர் கடைசி அத்தியாயத்தை இன்று சாயங்காலத்துக்குள் கேட்டிருக்கிறார். தவறினால் வேறொருவரின் நாவல் முந்திக்கொள்ளும். கதாநாயகி கையில் பையோடு பேருந்து நிலையத்தில் நிற்கிறாள். ஏறுவாளா, வீட்டுக்கே திரும்புவாளா என்று பல நாட்களாக அன்புக்கரசிக்கே தெரியவில்லை. இன்று தெரிந்துவிட்டது. விரல்கள் ஓடுகின்றன.

கைப்பேசி அடிக்கிறது. 'மோட்டார்' என்று பெயர் காட்டுகிறது.

எடுத்துக் காதில் வைத்தால், வழக்கமான பதிவுக் குரல் இல்லை.

"நாந்தேன்" என்கிறார் முத்துக்கிருஷ்ணன், தோட்டத்திலிருந்து. "பெட்டியில கெடந்த சிம்மக் கழத்தி என் போன்ல போட்டுக்கிட்டேன். வேற எப்பிடி ஒன்னயப் பிடிக்கிறது? இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

அன்புக்கரசிக்குச் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

"அவரைக்கா. நீங்க அங்கனதான நிக்கிறீங்க, கரண்டு வந்தா நீங்களே போட்டுவிட்டுட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

வழி கண்டுபிடித்தவர் மறுபடியும் கூப்பிடாமல் இருக்க மாட்டார். மோட்டாரையும் அடைக்க வேண்டுமானால் மரத்தை விட்டு வெளியே வந்து, அனுமதித்த எண்களின் பட்டியலைத் திறக்க வேண்டும். திறந்தால் மரம் போச்சு. பாதிக்கு மேல் வளர்ந்து, கிளை விட்டிருக்கிற மரம். இதுவரை ஒன்றைக்கூட அவர் பட்டுப்போக விட்டதில்லை. இலை உதிர்வதைப் பார்க்க மனசு கேட்காது.

பட்டியலைத் திறந்து மோட்டாரை நீக்குகிறார். மரத்தின் கதி என்னவென்று பார்க்காமலே கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, கதாநாயகியைப் பேருந்தில் ஏற்றுகிறார்.