திருச்சிக்கு ஒன்றரை மணி நேரம்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா திருச்சியில் சாகக் கிடந்தபோது, "நீ போயா பொழைக்க வைக்கப்போற? பெரட்டுல பேரு குடுத்துட்டு வேலைக்குப் போடா" என்று லீவு மறுத்தவர் இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அம்மா போனதும் தோட்டத்தை விட்டேன். திருச்சி ப்ளேன் புறப்படும் இரத்மலானை விமான நிலையத்தில் கொஞ்ச காலம் தரை கூட்டினேன்.

பிறகு ஹட்டன் ஸ்டேஷனில் மூட்டை தூக்கினேன். ஒருநாள் அதே கணக்கப்பிள்ளை தந்தியோடு அங்கே ஓடிவந்தார்.

"தம்பி, ஆத்தாவுக்கு முடியல. திருச்சிக்குப் ப்ளேன்ல எவ்வளவு நேரம்?"

ஒன்றரை மணி நேரம்தான்; கப்பலில் போனால் இரண்டு நாளாகும். "மழைக்கு ப்ளேன் ரெண்டு நாளாப் பறக்கலைங்க. கப்பல்லயே போயிருங்க" என்றேன். அந்தப் பொய்யை நம்பி, கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்கு ரயிலேறினார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

மொட்டைத் தலையோடு திரும்பியவர், "முகத்தப் பாக்கக் குடுத்துவைக்கலப்பா. ப்ளேனுக்குக் காத்துக்கிட்டிருந்தா காரியத்துக்குக்கூடப் போயிருக்க மாட்டேன். நீ நல்லதுதான் சொன்ன" என்று என் கையைப் பிடித்தார். என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. யாரென்று சொன்னால்தான் பழி முழுதாகும். சொல்லாமல் அவர் பெட்டியைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றினேன். அவரை மன்னிக்க இப்போதும் மனமில்லை. அந்த நன்றியையும் தாங்க முடியவில்லை.