உறுதிமொழியில் இல்லாத சொல்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய உறுதிமொழி அட்டை ஒன்று இருக்கிறது. அச்சடித்த 'போதைப் பொருள்' என்ற சொல்லுக்கு மேலே, சிவப்பு மையில் 'மாவா, பாக்கு' என்று எழுதியிருக்கும். எழுதியது நான்; எழுத வைத்தவர் எங்கள் பள்ளியைப் பெருக்கித் துடைத்த ஆயாம்மா.

கும்மிடிப்பூண்டியில் நான் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. போதை ஒழிப்பு வகுப்பு என் பொறுப்பு. நுரையீரல் படம், ஊசிப் படம் எல்லாம் ஒட்டி அசத்திவிட்டதாக எனக்கு நினைப்பு. பத்தாம் வகுப்பு மொத்தமும் கை நீட்டி உறுதிமொழி எடுத்தது. பூரித்துப்போய் வெளியே வந்தவளை, வராந்தாவில் துடைப்பத்தோடு நின்ற ஆயாம்மா மடக்கினார்.

"கையத்தான் பாத்தீங்களா டீச்சர்? வாயப் பாக்கலியா? பாதிப் பேரு தொறக்கவேயில்ல. உள்ள மாவா அடக்கிக்கினு கீதுங்க."

புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கலந்த அந்தச் சனியனை வாயில் வைத்துக்கொண்டா உறுதிமொழி? எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. "எப்படி ஆயாம்மா கூசாம கை நீட்டுறாங்க?" என்றேன்.

"போதைன்னா அதுங்களுக்கு சாராயம், கஞ்சா. இத பாக்குன்னுதான் சொல்லுதுங்க. ஊட்லயும் அப்டித்தான்." குரலைத் தாழ்த்தினார். "எம் புள்ளையும் உள்ளதான் கீறான். அவங்கப்பன் இரும்பு கம்பெனில ஷிப்டுக்குப் போவச்சொல்லோ போடறது. கடைல வாங்கியாடான்னு அனுப்பினதே நான்தான். பாக்குதானேன்னு நெனச்சிட்டேன்."

மறுநாள் நான் கேட்டுக்கொண்டபடி, அதே வகுப்பில், மகன் எதிரிலேயே, அதை அவர் மறுபடி சொன்னார். என் படங்கள் செய்யாததை அது செய்தது. மகன் தலை குனிந்தபடி எழுந்து, குழாயடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தான். அவன் பின்னால் இன்னும் நாலு பேர் போனார்கள். அன்றுதான் அட்டையில் அந்தச் சொற்களை எழுதினேன். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அவன் இரண்டு முறை மறுபடி ஆரம்பித்தான். ஒவ்வொரு முறையும் ஆயாம்மா அவனை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். "உட மாட்டேன் டீச்சர்" என்பார், அவ்வளவுதான். இன்று அவனும் அப்பாவின் கம்பெனிக்கே போகிறான், வாயில் எதையும் அடக்காமல். அந்த அம்மாவின் பிடிவாதத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆயாம்மா ஓய்வு பெற்றுவிட்டார். இந்த வருடம் வந்த புது அட்டையிலும் 'போதைப் பொருள்' மட்டும்தான். முதல் வேலையாகச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். இன்று காலை உறுதிமொழியின்போது கைகளை நான் பார்க்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் ஒருவன் வாய் திறக்கவில்லை. அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவனிடம் போனேன்.

"குழாயடிக்குப் போய்ட்டு வாப்பா. நீ வந்ததும் முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்."