ஊடு பார்த்த அன்றைக்குக் குடித்த தண்ணீர்

மகன் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் பருப்பு வேகாமல் கல்லாகவே கிடக்கிறது. குக்கரைத் திறந்ததும் எழும் சுண்ணாம்பு வாடையில், வெண்ணந்தூர்ப் பக்கம் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக் கிணறுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இப்போது அதைத் தூர்த்து மேலே தறிக்கூடம் கட்டிவிட்டார்கள். அப்போது அதன் படிகளில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், சேந்துகயிறு காய்ந்தால் குச்சிபோல விறைக்கும், சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது, அதில் குளித்துக் குளித்து அக்காவின் நீளமான முடி தேங்காய் நாராகிப் போயிற்று.

உப்புத்தண்ணீர் ஊருக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதனால் பெண் வீட்டார் 'ஊடு பார்க்க', அதாவது மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிற அன்றைக்கு மட்டும் வேறு ஊரிலிருந்து நல்ல தண்ணீரை மாட்டுவண்டியில் கொண்டுவந்து சமைப்பார்கள்.

தலைத்தீபாவளிக்கு அழைக்க அப்பாவுடன் நானும் போயிருந்தேன். கிணற்றடியில் அக்கா சொன்னாள்: "பருப்பு வெண்ணையாட்டம் வெந்துச்சுன்னு ஊரெல்லாம் பெருமை பேசுனீங்களேப்பா. உங்களை ஏமாத்திப்போட்டாங்க. நீங்க குடிச்சது வண்டித் தண்ணிங்க."

அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வாயில வெச்சதுமே தெரிஞ்சுது சாமி, அது நம்மூருக் கெணத்துத் தண்ணின்னு. சீரு எதுவுமே கேக்காத எடம். நான் என்ன பண்றது?"

அக்கா எங்களுடன் தீபாவளிக்கு வந்தாள். ஆனால் அன்றுமுதல் சாகும்வரை எங்கள் ஊர்த் தண்ணீரை அவள் வாயில் வைக்கவே இல்லை. வரும்போதெல்லாம் ஒரு தூக்குப்போசியில் அந்த உப்புத்தண்ணீரைக் கொண்டுவந்து, அப்பாவின் எதிரே உட்கார்ந்து குடிப்பாள்.