நன்றிப் பக்கத்தில் விட்டுப்போன பேர்

வெள்ளைத்தாய் நாற்பத்தொரு வருசமாகப் புருசன் பேரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவள் முகத்தைப் பார்ப்பாள். ஓட்டுப் பட்டியல் சரிபார்க்க வந்த வாத்தியார் கேட்டபோது, எதிர்வீட்டுக்காரியைக் கத்திக் கூப்பிட்டாள். "ஏட்டி முப்பிடாதி, இங்கன வந்து அவிய பேரச் சொல்லிட்டுப் போ!" கட்டின புருசன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளைப் பெற்றவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைத் தட்ட அவளுக்குத் தைரியம் இல்லை.

அவள் சொல்லாவிட்டால் போகிறது, நாம் சொல்லுவோம். அவர் பேர் பூவனலிங்கம். விளாத்திகுளம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வழியே இரண்டு மைல் நடந்தால் அவர் ஊர். எழுபது செம்மறி, பத்துப் பதினைந்து வெள்ளாடு, மூன்று ஏக்கர் மானாவாரி. பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லை.

ஆடு விஷயத்தில் அந்த மனுசனை அசைக்க முடியாது. முதல் மழைக்கு முளைத்த இளம்புல்லை வெறும் வயிற்றில் மேயவிட்டால் செம்மறி துள்ளித் துள்ளிச் சாகும் என்பார். காலையில் கொஞ்சம் காய்ந்த சோளத்தட்டையைக் கடிக்கக் கொடுத்துவிட்டுத்தான் கிடையைத் திறப்பார். மழையில்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரில் விஷம் இருக்கும் என்று ஒரு குட்டியும் வாய் வைக்க விடமாட்டார். கயத்தாறு பக்கமிருந்துகூட ஆள்கள் வந்து யோசனை கேட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில் மதுரைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து வேன் வந்தது. ஆடு வளர்ப்பை இன்டர்நெட்டில் பாடமாகப் போடப்போகிறார்களாம். எந்த ஊரில் இருந்தாலும் கம்ப்யூட்டரைத் திறந்து படித்துக்கொள்ளலாமாம். ஜெயகிருஷ்ணன் என்ற சார் வந்திருந்தார். கூடவே குரல் பதிவு செய்கிற தீபலட்சுமி என்ற பெண்ணும் வந்திருந்தாள்.

என்ன செய்ய, அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னாலேயே பூவனலிங்கத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. கஷாயம் குடித்தும் தீரவில்லை. அவர் பேசுவது வெறும் காற்றாக வரும், வெள்ளைத்தாய்க்கு மட்டும்தான் புரியும். அதனால் மைக் அவள் கைக்குப் போனது. அவர் காதோரம் சொல்லச் சொல்ல, இவள் உரக்கச் சொன்னாள். ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால், "அவிய சொல்லுதாவ..." என்று ஒரு வார்த்தை போடுவாள். மூன்று நாளில் பதினொரு பாடம் முடிந்தது.

கிளம்பும்போது சார் சொன்னார்: "பாடத்துக்குக் கடைசியில நன்றின்னு ஒரு பக்கம் இருக்கும். உதவி செஞ்ச எல்லார் பேரும் அதுல வரும்."

பூவனலிங்கம் பெண்டாட்டி காதில் என்னவோ ஊதினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எத்தன நாளைக்கு இருக்கும்னு கேக்காவ."

"எப்பவும் இருக்கும். நமக்கு அப்புறமும் இருக்கும்."

அன்றிலிருந்து மனுசனுக்கு அதே நினைப்புதான். முப்பிடாதி புருசன் வந்தாலும் சரி, பால்காரன் வந்தாலும் சரி, கையால் கம்ப்யூட்டர் பெட்டி மாதிரி வரைந்து காட்டி அதற்குள் தன் பேர் வரப்போகிறது என்பார். ஐம்பத்தெட்டு வயதில் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாரே என்று வெள்ளைத்தாய் வைவாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கும் ஆசைதான். ஒரு பிள்ளையைப் பெற்றுக் கொடுக்க முடியாதவளுக்கு அந்த ஆசை இருக்காதா?

மார்கழியில் தொண்டையில் இருப்பது கட்டி என்று தெரிந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முப்பிடாதி தன் செல்போனைக் கொடுத்து அனுப்பினாள். கல்லூரிக்காரர்களிடமும் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். பூவனலிங்கத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போய் அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது, அந்தப் போன் அடித்தது. தீபலட்சுமிதான்.

"அம்மா, நன்றிப் பக்கத்துக்குப் பேர் எழுதிக்கிட்டு இருக்கேன். ஐயா பேரக் கேட்டு எழுதாம விட்டுட்டேன். என்ன பேரும்மா?"

பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம் அவர் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்குப் போய், இந்த நேரத்தில் போய், இந்த வாயால் அந்தப் பேரைச் சொல்வதா?

"ஊருக்குப் போயி முப்பிடாதிய விட்டுச் சொல்லச் சொல்லுதேன் தாயி."

"ஒரு மணி நேரத்துல அனுப்பணும்மா. இப்பவே சொல்லிடுங்களேன்."

அவள் வாயே திறக்கவில்லை. அந்தப் பெண் இரண்டு மூன்று தடவை "அம்மா, அம்மா" என்றாள். பிறகு லைன் போய்விட்டது.

பாவி மகளே! இடுப்பில் செருகியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால், பக்கத்தில் நின்ற நர்ஸம்மா போனில் படித்துச் சொல்லியிருப்பாள். இது அவளுக்கு மறுநாள்தான் தோன்றியது. தோன்றி என்ன பிரயோஜனம்? அடுத்தடுத்த நாள்களில் காய்ச்சலும் ரத்தமுமாக இழுத்தடித்ததில் அதுவும் மறந்துபோனது.

கழுத்தில் ஓட்டையோடு அவர் வீடு திரும்பினார். இனி காற்றுக்கூடக் கிடையாது. ஆனாலும் பெட்டி வரைந்து காட்டுவதை மட்டும் விடவில்லை. பங்குனியில் ஒரு நாள், பாடம் வந்துவிட்டது என்று சாரிடமிருந்து வெள்ளைத்தாய் பேருக்குக் கடிதம் வந்தது. மனுசன் வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். வெள்ளைத்தாயும் கூடக் கிளம்பினாள். ஒருவேளை சார் யாரிடமாவது கேட்டுப் போட்டிருப்பார், ஒருவேளை போட்டிருப்பார் என்று கோவில்பட்டி வரைக்கும் வேண்டிக்கொண்டே வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் சுதாராணி என்ற பெண் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். பாடத்தைத் திறந்து கொடுத்தாள். முதலில் வெள்ளைத்தாயின் குரல் கேட்டது. "மொதல் மழைக்கு மொளச்ச புல்லு..." கணீரென்று இருந்தது. "அவிய சொல்லுதாவ" என்பது மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. பாடத்துக்கு இடைஞ்சல் என்று வெட்டி எடுத்திருந்தார்கள்.

நன்றிப் பக்கத்தில் நாற்பத்துமூன்று பேர். பூவனலிங்கம் ஐந்தாவது படித்தவர். கம்ப்யூட்டர் கண்ணாடியில் விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு இறங்கினார். வேன் டிரைவர் பேர் இருந்தது. டீ கொண்டுவந்து கொடுத்த சுடலைக்கண்ணு பேர் இருந்தது. முப்பத்தாறாவதாக வெள்ளைத்தாய் இருந்தாள். கடைசி வரைக்கும் போய்விட்டு, கீழேயிருந்து மேலாக மறுபடியும் படித்தார்.

"அண்ணாச்சி, யார் பேரத் தேடுதீங்க?" என்று சுதாராணி கேட்டாள். அவர் ஒன்றும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

பிறகு பெண்டாட்டியின் கையைப் பிடித்து, அவள் விரலை அவள் பேர் மேல் வைத்தார். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் தன் தொண்டையைக் காட்டிக் கையை விரித்தார். குரல் உன்னுடையது, அதனால் உன் பேரைப் போட்டிருக்கிறார்கள், என்னிடம்தான் குரல் இல்லையே என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார். பொறாமை என்பது மருந்துக்கும் இல்லை அந்த முகத்தில்.

நான்தான் சொல்லவில்லை, கேட்டார்கள், நான்தான் வாயைத் திறக்கவில்லை என்று அவள் அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அவர் அந்தப் பக்கத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஊரில் எல்லாரிடமும் பெண்டாட்டி பேரைக் காட்டினார். அதற்குப் பிறகு பெட்டி வரையவில்லை.

ஆடி பதினெட்டுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தம் கிளம்பியதும், வெள்ளைத்தாய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனியாகக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினாள். தாளின் அடியில் கல்லூரி நம்பர் இருந்தது. எஸ்.டி.டி. பூத்காரரே போட்டுக் கொடுத்தார். தீபலட்சுமிதான் எடுத்தாள்.

"தாயி, நான் வெள்ளைத்தாய் பேசுதேன். அன்னைக்குக் கேட்டியளே ஒரு பேரு. இப்பச் சொன்னா ஏறுமா?"

"ஏறும்மா. சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பூவனலிங்கம்." அவ்வளவுதான். ஒன்றும் இடிந்து விழவில்லை. எவ்வளவு லேசான பேர்! அந்த ஆயுசைக் காப்பாற்றத்தானே இத்தனை வருசம் வாயைக் கட்டினாள். ஆயுசும் நிற்கவில்லை, அவர் இருக்கும்போது பேரும் ஏறவில்லை.

அந்தப்பக்கம் டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. "ஐயா எப்படி இருக்காங்கம்மா?"

"போயிட்டாவ. இன்னையோட பதினெட்டு நாளு."

டைப் சத்தம் நின்றது. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப... பேருக்கு முன்னால அமரர்னு போடணுமாம்மா? செத்துப்போனவங்களுக்கு அப்படித்தான் போடுவோம்."

"வேண்டாம் தாயி," என்றாள் வெள்ளைத்தாய். "அங்கனயாவது அவிய இருந்துட்டுப் போகட்டும்."

"சரிம்மா. சரியா அடிச்சிருக்கேனான்னு பாக்குறேன், இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வெள்ளைத்தாய் வைக்கவில்லை. பூத்காரர் கண்ணாடியைத் தட்டியது அவள் காதில் விழவில்லை. பூவனலிங்கம், பூவனலிங்கம் என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்க அவர் இல்லை.