இரண்டாம் காலில் ஒரு ஒயர்

போன வாரம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் லெக்சரர் வேலைக்கு இன்டர்வியூ. கொடைரோடு பக்கம். பெயர் வேண்டாம்... கட்டடம் பெரிது, அது போதும்.

எனக்கு அந்த வேலை வேண்டும். நிலக்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். கிடைக்காவிட்டால் ஓசூரில் ஒரு கம்பெனி, ஹாஸ்டல் கட்டில், ரசம் என்ற பெயரில் வெந்நீர்.

டெமோ கிளாஸுக்கு வந்த தலைப்பு ஆப்-ஆம்ப். சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் எட்டுக்கால் ஐ.சி. லேபில் முப்பது மாணவர்கள். பின் வரிசையில் பிரின்சிபால். சர்க்யூட்டை ஹெச்.ஓ.டி.யே மாட்டி வைத்திருந்தார். மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பமாம். கேட்காமலே சொன்னார். எங்கள் வீட்டில் கையெழுத்துக்கு மேல் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். நானும் கேட்காமலே சொன்னேன்.

சிக்னல் கொடுத்தேன். அவுட்புட் அசையவில்லை. பத்தரை வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஐ.சி. போச்சு" என்றார் ஹெச்.ஓ.டி. மாற்றினார்கள். அதே கதை. இன்னொன்று. அதே கதை. கழற்றியவை எல்லாம் 'பழுது' என்று எழுதிய டப்பாவுக்குள் போயின. எட்டிப் பார்த்தேன். முக்கால் டப்பா ஐ.சி.! ஒரு லேபில் இத்தனை சாவா?

அப்புறம்தான் கண்ணில் பட்டது — இரண்டாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, ஒரு கறுப்பு ஒயர்.

"சார், இது எதுக்கு?"

"வர்ச்சுவல் கிரவுண்டும்மா. ரெண்டாம் கால் கிரவுண்ட்ல இருக்கணும்ல? புக்லயே போட்டிருக்கு."

புக்கில் போட்டிருப்பது, கிரவுண்ட் மாதிரி இருக்கும் என்று. கிரவுண்டில் கட்டு என்று இல்லை. மூன்று தலைமுறை படித்தும் அந்த ஒரு 'மாதிரி' பாக்கி.

நான் மாணவர்கள் பக்கம் திரும்பி விளக்கினேன். தராசில் ஒரு தட்டில் எடைக்கல், இன்னொன்றில் மல்லிகை. வியாபாரி முள்ளைப் பார்த்துக்கொண்டே பூவைப் போடுவார், எடுப்பார். முள் நடுவில் நின்றால் இரண்டு தட்டும் சமம். ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. ஆப்-ஆம்பும் அப்படித்தான். இரண்டாம் காலுக்கும் மூன்றாம் காலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். அவுட்புட்டிலிருந்து இரண்டாம் காலுக்கு ஒரு ரெசிஸ்டர் திரும்பி வருகிறதே, அதன் வழியாக அந்த வித்தியாசத்தை இல்லாமல் ஆக்கப் பார்க்கும். மூன்றாம் கால் கிரவுண்டில் இருக்கிறது. அதனால் இரண்டாம் காலும் தானாகவே பூஜ்யத்தில் வந்து நிற்கும். அதை ஒயரால் கட்டுவது, இரண்டு தட்டையும் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டு எடை பார்ப்பது.

"ஏம்மா, இது எலக்ட்ரானிக்ஸ் லேப். பூ மார்க்கெட் இல்ல" என்றார் ஹெச்.ஓ.டி.

என் பயோடேட்டாவில் அப்பாவின் தொழில் இருந்தது — பூ வியாபாரம். அந்த வரியை மட்டும் முழுசாகப் படித்திருக்கிறார்.

வாயை மூடியிருந்தால் வேலை. தெரிந்தேதான் திறந்தேன்.

"மார்க்கெட்ல தட்டைக் கட்டுனா அடிக்க வருவாக சார். இங்க பசங்க ரெக்கார்டு நோட்டுல கையெழுத்துப் போடுறீக."

ஒயரை உருவினேன். ஆசிலாஸ்கோப் ஸ்கிரீனில் அலை வந்தது. தலைகீழாக, பத்து மடங்கு பெரிதாக. பழுது டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டினேன். வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டாள்.

பிரின்சிபால் என்னவென்று கேட்டார். ஹெச்.ஓ.டி. அசரவில்லை. "லூஸ் கனெக்ஷன் சார்."

நம்மில் பலர் இப்படித்தான். தனக்குப் புரியவில்லை என்றால் பொருள் பழுது. அதற்கொரு டப்பா, டப்பாவுக்கு ஒரு லேபிள். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், உங்கள் ஆபீஸிலும் ஒரு டப்பா இருக்கிறதுதானே?

இரண்டு நாள் கழித்து போன் வந்தது. சப்ஜெக்ட் பரவாயில்லையாம். ஆட்டிட்யூட் சரியில்லையாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஒயரை உருவுனது சரித்தேன். வேலையையும் சேத்துல்ல உருவிட்டு வந்திருக்க" என்றாள்.

வாஸ்தவம். ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் பஸ் ஏறுகிறேன்.

போகட்டும். கெட்டுப்போனது ஐ.சி. இல்லை என்று முப்பது பேருக்குத் தெரிந்துவிட்டது.