உழாமல் விட்ட வட்டம்

விடுதியில் தீப்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், அந்த மருந்து வாசனையோடு, இன்று தீப்பெட்டி ஆலை நிற்கும் எங்கள் கரிசல் புஞ்சையும் வந்துவிடுகிறது. சாம்பல் தலையும் கறுத்த வயிறுமாய்ப் பாடியபடி மேலேறி, கல்லென விழுந்து, தரைதொடுமுன் மீண்டும் எழும் ஆண் வானம்பாடி. அந்த ஆண்டு உழவேண்டிய தடத்தில், சிறு கற்கள் விளிம்பிட்ட அதன் கூட்டில் இரண்டு முட்டைகள். ஏர் நெருங்க நெருங்க நான் கூட்டையே பார்த்து நின்றேன். அப்பா கலப்பையைத் தூக்கிப் பிடித்து, மாடுகளை விலக்கி ஓட்டினார்.

"என்ன அண்ணாச்சி, புஞ்சைக்குப் பொட்டு வச்சிருக்கீய?" என்று வரப்பிலிருந்து சிரித்தார் பக்கத்துப் புஞ்சைக்காரர்.

"அவிய குடியிருக்காவல்லா. குஞ்சு பறக்கட்டும், உழுதுக்கிடுதேன்."

குஞ்சுகள் பறந்த பிறகும் அப்பா உழவில்லை. பருத்திக்கு நடுவே புல் மண்டிய அந்த வட்டத்திலிருந்து அடுத்த ஆண்டும் பாட்டு மேலெழுந்தது. இன்றும் குச்சியை உரசுமுன் ஒரு கணம் அந்தப் பாட்டுக்குக் காதுகொடுக்கிறேன்.